பிள்ளை மருந்துக்கு அளவு யார் சொல்வது? வசம்பு பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர், இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை, தமிழ்நாடு அரசு. இதே மடல் ஊர்தோறும் நாட்டு மருந்துக் கடை நடத்தும் வணிகர்களுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பெயரைச் சொல்லிக் கேட்கத் தயங்கி 'பேர் சொல்லாதது' என்றும், கைக்குழந்தை உள்ள வீட்டில் 'பிள்ளை மருந்து' என்றும் சொல்கிறார்களே, அந்த வசம்பைப் பற்றித்தான் இந்த மடல். மலையாளத்தில் வயம்பு, கன்னடத்தில் பஜே, ஆயுர்வேதத்தில் வசா. ஈர நிலத்தில் வளரும் செடியின் மட்டத்தண்டு அது. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் கொரட்டகெரே பக்கம் வயலில் பயிராகவே போடுகிறார்கள். காய்ந்து கடைக்கு வரும்போது விரல் தடிமன், மேலே இலை உதிர்ந்த வளையங்கள், அடியில் வேர் அறுந்த புள்ளிகள், உடைத்தால் உள்ளே வெளிறிய நிறம், மூக்கைத் துளைக்கும் வாசம்.

சித்த மருத்துவர்களும் குழந்தை நல மருத்துவர்களும் மருந்தாளுநர்களுமான நாங்கள் வசம்பைத் தடை செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்குரிய இடத்தை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் குறை வேறு. தமிழ்நாட்டில் பிறந்து சில நாளே ஆன குழந்தையின் வாய்க்குள் போகும் இந்தப் பொருளுக்கு எடை இல்லை, வயது வரம்பு இல்லை, உறையில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை. பெரியவர்களுக்கு உண்டு. ஆயுர்வேத பார்மகோபியா என்னும் மருந்துத் தர நூல் வசம்புப் பொடியின் அளவை 60 முதல் 120 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. சித்த மருந்து நூல்களின் கணக்கில் ஒரு குன்றி எடை 130 மில்லிகிராம். ஆக, வளர்ந்த ஆளுக்கே ஒரு குன்றிமணி எடைக்கு உள்ளேதான். அந்த ஆயுர்வேத நூலே இன்னொரு அளவையும் தருகிறது: வாந்தி எடுக்க வைப்பதற்கு 1 முதல் 2 கிராம். மருந்துக்கும் வாந்தி மருந்துக்கும் இடைவெளி பத்து மடங்கு கூட இல்லை. அவ்வளவு குறுகலான வரப்பில் நடக்கும் சரக்கை ஐந்து கிலோ குழந்தைக்குக் கண்ணளவில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உரை மருந்து கொடுக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எங்கே பிசகுகிறது என்று காட்ட வேண்டியிருப்பதால் எழுதுகிறோம். தலைக்கு ஊற்றும் நாளில், அல்லது வாரம் இரண்டு முறை செவ்வாய் வெள்ளியில், உரைகல்லில் தாய்ப்பால் சில சொட்டு விட்டு வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றாக இரண்டு மூன்று சுற்று உரசி, வழித்தெடுத்து நாக்கில் தடவுவார்கள், அல்லது பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார்கள். 'இரண்டு சுற்று' என்பதுதான் அளவு. கல் புதிதாகச் சொரசொரப்பாக இருந்தால் இரண்டு சுற்றில் இறங்குவது ஒரு அளவு. பாட்டி காலத்து வழவழத்த கல்லில் இறங்குவது இன்னொன்று. முந்தின நாள் உரசி ஈரம் ஊறிய முனை சோறு போலக் கரையும், காய்ந்த முனை பிடிவாதமாக நிற்கும். அழுத்துகிற கை மாறினாலும் அளவு மாறும். அம்மா காலையில் கொடுத்தது தெரியாமல் பாட்டி மாலையில் கொடுப்பதும் உண்டு. மாத்திரையாக இருந்தால் எண்ணிச் சொல்லலாம். கல்லில் எண்ணுவதற்கு ஏதுமில்லை.

'அதற்குத்தான் சுட்டுக் கொடுக்கிறோமே' என்ற பதில் வரும். சுடுவதில் நியாயம் உண்டு. வசம்பின் வீரியமும் விஷமும் அதன் வாசனை எண்ணெயில் இருக்கின்றன. முழுக்கக் கரியானால் எண்ணெயில் பெரும்பகுதி ஆவியாகவும் எரிந்தும் போய்விடும். ஆனால் வீட்டில் நடப்பது வேறு. ஊசியில் குத்தி விளக்குச் சுடரில் இரண்டு மூன்று நிமிடம் காட்டுகிறார்கள். மேலே கறுக்கிறது, புகை வருகிறது, 'சுட்டாச்சு' என்று ஊதி அணைக்கிறார்கள். அந்தத் துண்டை நடுவில் ஒடித்துப் பாருங்கள்: ஓரத்தில் காகிதத் தடிமனுக்குக் கரி, நடுவில் அதே வெளிறிய சதை, அதே வாசம். முதல் நாள் கல்லில் இறங்குவது கரி. நாலாம் நாள் இறங்குவது பச்சை வசம்பு. குழந்தைக்கு ஒத்துக்கொண்டது என்று தைரியம் வந்த பிறகுதான் வீரியமான பகுதி உள்ளே போகிறது. சரியாகச் சுட்டது என்றால் சிறு துண்டுகளாக நறுக்கி, தணலில் உள்வரை செந்தழலாகி, மூடி அணைத்து, ஒடித்தால் நடுவரை கறுப்பாகப் பொடிய வேண்டும். முகர்ந்தால் வசம்பு வாசம் இருக்கவே கூடாது. வாசம் இருந்தால் எண்ணெய் இருக்கிறது. இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கடையையாவது காண ஆசை.

ஆயுர்வேதத்தின் சுத்தி முறை இதைவிடக் கடுமையானது. பசுவின் நீர், கொட்டைக்கரந்தைக் கஷாயம், ஐந்து வகைத் தளிர்க் கஷாயம் என்று ஒவ்வொன்றிலும் மணிக்கணக்கில் வேகவைத்து, கடைசியில் வாசனைத் திரவிய நீரின் ஆவியில் அவித்து எடுப்பார்கள். இதில் எண்ணெய்ச் சத்து குறைகிறது, அடியோடு போவதில்லை. இவ்வளவு பாடுபட்டுச் சுத்தி செய்யச் சொன்ன பெரியவர்கள் இந்தச் சரக்கைச் சாதுவானது என்று நினைத்திருக்க முடியாது. இன்று கடைத் தட்டில் கிடக்கும் வசம்பு எந்தச் சுத்தியும் காணாத கச்சாச் சரக்கு.

அந்த எண்ணெய்க்குள் இருப்பதைப் பார்ப்போம். முக்கியப் பொருள் பீட்டா அசரோன். வசம்பில் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்ட வகைகள் உண்டு. வட அமெரிக்காவின் இருமடி வகையில் பீட்டா அசரோன் கிடையாது. ஐரோப்பாவின் மும்மடி வகையில் குறைவு. ஆசியாவின் நான்மடி வகையில்தான் மிக அதிகம். இந்திய வசம்பு எண்ணெயில் பாதிக்கு மேல், பல மாதிரிகளில் முக்கால் பங்குக்கும் மேல் இதுவே. 'அமெரிக்கப் பழங்குடிகள் இதை மென்றுகொண்டே இருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை' என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தி நம்மூர் வசம்புக்குப் பொருந்தாதது இதனால்தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

1960-களில் ஜம்மு வசம்பு எண்ணெயை உணவில் கலந்து நெடுநாள் கொடுத்த எலிகளின் சிறுகுடலில் புற்றுக் கட்டிகள் தோன்றின. 1968-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. தடை இன்றும் நீடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பீட்டா அசரோனைத் தனியாக உணவில் சேர்க்க அனுமதிப்பதில்லை. மதுபானங்களில் இயல்பாக வருவதற்கும் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு. மூலிகை மருந்துகளுக்கு ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு 2005-ல் ஒரு தற்காலிக எல்லை சொன்னது: நாளுக்குச் சுமார் 115 மைக்ரோகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்.

இந்த எண்ணை உரைகல்லுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். உலர்ந்த வசம்பு 100 கிராமில் எண்ணெய் ஏறத்தாழ 2 மில்லி என்று குறைவாகவே வைப்போம். கல்லில் இறங்கியது வெறும் 10 மில்லிகிராம், சில கடுகுமணிகளின் எடை. அதில் எண்ணெய் சுமார் 0.2 மில்லிகிராம். முக்கால் பங்கு பீட்டா அசரோன் என்றால் 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்ரோகிராம். ஐந்து கிலோ குழந்தைக்கு ஐரோப்பிய எல்லைப்படி 10. பதினைந்து மடங்கு. ஒரு குன்றி எடை இறங்கியிருந்தால் நூற்றுத் தொண்ணூறு மடங்குக்கு மேல். இது சுடாத வசம்புக்கான கணக்கு. நன்றாகக் கரியானதில் வெகுவாகக் குறையும். அரைகுறையாகச் சுட்டது இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று யாரும் அளந்து கொடுப்பதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எலியில் கண்டது நெடுநாள், அதிக அளவு கொடுத்ததன் விளைவு. உரை மருந்து குடித்த குழந்தைக்குப் புற்றுநோய் வரும் என்று நாங்கள் சொல்லவில்லை; அப்படிப் பயமுறுத்துகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் இது கட்டாயம் கொடுக்க வேண்டிய மருந்து அல்லவே. சின்னம்மைக்கோ நிமோனியாவுக்கோ கொடுப்பதென்றால் லாப நட்டம் பார்க்கலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு வழக்கத்துக்காகக் கொடுப்பதில் எலிச் சோதனையின் சந்தேகமே போதும், கையை நிறுத்திக்கொள்ள.

கண்ணுக்குத் தெரிகிற உடனடித் தீங்குகள் வேறு. வாந்திதான் முதலில். வாந்தி எடுக்கவைக்கும் சரக்கு வாந்தி எடுக்கவைப்பதில் வியப்பில்லை. ஸ்வீடனில் போதை கிடைக்குமென்று இந்தக் கிழங்கைத் தின்ற இளைஞர்களுக்குக் கிடைத்தது மணிக்கணக்கான வாந்திதான். அடுத்தது மந்தம். அசரோன் நரம்பு மண்டலத்தை அமர்த்தும். தூக்க மருந்தின் விளைவை நீட்டிக்கும் என்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. இதோடு ஜாதிக்காய் சேர்வதைக் கவனியுங்கள். 'ராத்திரி தூங்கட்டும்' என்று ஜாதிக்காயை மட்டும் இரண்டு சுற்று கூட்டி உரசுவது ஊருக்கு ஊர் உண்டு. ஜாதிக்காயும் அதிகமானால் நஞ்சுதான். மந்தமும் வாந்தியும் ஒரே நேரத்தில் வரும் குழந்தைக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குவது எளிது. குழந்தை அசந்து தூங்குவதை 'மருந்து கேட்டுது' என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். பால் குடிக்க எழாத குழந்தையை எங்கள் பாடம் ஆபத்துக் குறி என்கிறது.

எதில் குழைக்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். பீட்டா அசரோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். விளக்கெண்ணெயில் உரசினால் தண்ணீரில் உரசுவதைவிட அதிகம் இறங்கும். எண்ணெயே தனி ஆபத்து. வாயிலோ மூக்கிலோ ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமல் கூட வராமல் தங்கி, எண்ணெய் நிமோனியா என்கிற, எளிதில் ஆறாத கோளாறை உண்டாக்கும். தேனில் குழைப்பவர்களுக்கு: ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பெரியவர் குடலில் வாலாட்டாது. குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மிச்சம் உரைகல். அடுப்படி மூலையில் கிடந்து, பேருக்குக் கழுவி, அரைகுறையாகக் காய்ந்த கல்லில் வழித்த மருந்தால் வயிற்றுப்போக்கு வந்தால் பழி பல் முளைப்பதன் மேல் போகும்.

சரக்கின் தரம் பற்றி ஒரு வார்த்தை. சதுப்பில் வளரும் செடி என்பதால் அந்த நீரில் ஈயமோ காட்மியமோ இருந்தால் வசம்பு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூலிகை மருந்துக்கு ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு இருக்கிறது. சாக்கில் வந்து எடை போட்டு விற்கும் வசம்பை யாரும் அந்தச் சோதனைக்கு அனுப்புவதில்லை. சரியாக உலராமல் கட்டிய மூட்டையில் நடுக்கிழங்கு பூசணம் பிடித்திருக்கும், மேலே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு வழக்கம் ஏன் விடாமல் நிற்கிறது? பதில் குழந்தையின் வயிற்றில் இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும் மாலை நேர அழுகை ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் இதே கதைதான். நம் வீட்டில் ஆறாவது வாரத்தில் வசம்பு தொடங்குகிறோம், மூன்றாம் மாதத்தில் அழுகை நிற்கிறது, பெயர் வசம்புக்குப் போகிறது. குடல் இசிவைத் தளர்த்தும் குணம் வசம்புச் சாற்றுக்கு விலங்குத் திசுக்களில் தெரிந்திருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனால் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு கிடைத்துவிட்டது என்று ஆகாது.

'மாந்தம்' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருப்பவை ஏராளம். அதற்குள் சாதாரண உப்புசமும் உண்டு, உயிர் போகிற நோயும் உண்டு. முழங்காலை வயிற்றோடு இழுத்து வீறிட்டு அழுது, சற்றே ஓய்ந்து, மறுபடி அழும் குழந்தை. பச்சை நிற வாந்தி. சிவப்புக் கூழ் போன்ற மலம்: இது குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதாக இருக்கலாம். மணிக்கணக்குதான் அவகாசம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் என்றாலே மருத்துவமனை. உச்சிக்குழி புடைப்பு, பால் மறுப்பு, மூச்சு வாங்கல், வலிப்பு எதிலும் உரைகல்லைத் தேடக் கூடாது. வசம்பு இங்கே செய்யும் பெரிய கெடுதல் அதன் வேதியியலால் வருவதல்ல. 'மருந்து கொடுத்திருக்கு, பார்ப்போம்' என்று இழுக்கும் அந்த ஒரு ராத்திரிதான்.

பேச்சு வர வசம்பு தடவுவது இன்னொன்று. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் வேண்டியது காது கேட்கும் பரிசோதனை. நாக்கில் வசம்பு தடவிக்கொண்டே ஓராண்டு போனால், காதுக் கருவியால் பயன் பெறும் காலத்தில் ஓராண்டு போனதாகப் பொருள்.

வெளிப் பூச்சைப் பற்றி நாங்கள் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. நன்றாகக் கரியான வசம்பை எண்ணெயில் குழைத்து வயிற்றின் மேல் மெல்லப் பூசுவதில் பயம் குறைவு; வயிற்றைத் தடவிக்கொடுப்பதே பாதி நிவாரணம். ஆனால் தொப்புள் கொடி விழுந்து புண் ஆறும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. கண்ணுக்கு மையாக இட வேண்டாம். வசம்பு வளையல்தான் எங்களுக்குத் தலைவலி. கறுப்புக் கயிற்றில் வசம்பு வட்டுகளைக் கோத்துக் கையில் கட்டுகிறார்கள். மூன்று மாதம் ஆனதும் குழந்தையின் கை எப்போதும் வாயில். எச்சிலில் ஊறிய வசம்பு நாள் முழுக்க உள்ளே போகும்; வட்டு உடைந்து தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. கண்ணேறு கழிய வசம்பு இருந்தே ஆக வேண்டும் என்கிற வீட்டில், தொட்டில் கயிற்றின் உச்சியில், கை எட்டாத இடத்தில், சின்ன மூட்டையாக இறுக்கிக் கட்டச் சொல்லலாம். கொசுவும் கொஞ்சம் ஒதுங்கும். பயறு மூட்டையில் வண்டு சேராமல் வசம்பு போடுவது சும்மா இல்லை. அதன் எண்ணெய் ஆவி பூச்சிகளை முட்டையிட விடாமல் மலடாக்கும். அந்த வேலைக்கு வசம்பு முதல்தரம். நாங்களும் போடச் சொல்வோம்.

இனி உங்களிடம் கேட்பவை.

சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. 1940-ன் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ் உள்ள ஷெட்யூல் இ(1) பட்டியலில் சேராங்கொட்டை, எட்டி, நாபி போன்ற நச்சுச் சரக்குகள் உள்ளன. அவை சேர்ந்த மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கை கட்டாயம். வசம்பு அந்தப் பட்டியலில் இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்க விற்பனை உரிமமும் தேவையில்லை. 2022-ல் வந்த ஆயுர்வேத ஆகார விதிகள் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த வகை உணவே தயாரிக்கக் கூடாது என்கின்றன. உணவாகக் கொடுக்க முடியாத வயதில் கச்சா மருந்தாகத் தாராளமாகக் கொடுக்கலாம் என்ற நிலை முரணானது. ஷெட்யூலைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. பரிந்துரைப்பது உங்களால் ஆகும். குழந்தைகளுக்கான எச்சரிக்கையோடு வசம்பை அதில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். அதற்குக் காத்திராமல் ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள்.

உரை மருந்துச் சரக்குகளை மாத்திரையாக்கி அரசு சித்த மருத்துவப் பிரிவுகளில் தரும் உரை மாத்திரை பற்றி. கல்லில் கண்ணளவாக உரசுவதைவிட மாத்திரை எவ்வளவோ மேல்; அளவு உண்டு, தயாரிப்புக்கு விதி உண்டு. ஆனால் அதன் சேர்மானத்திலும் வசம்பு இருக்கிறது. எந்தச் சுத்தி செய்யப்பட்டது, ஒரு மாத்திரையில் பீட்டா அசரோன் எவ்வளவு, எந்த வயதில் எத்தனை என்று தொகுதி வாரியாகச் சோதித்து வெளியிடக் கேட்கிறோம். வாயு நிறப்பகுப்பு வசதியுள்ள எந்த ஆய்வகத்திலும் முடிகிற காரியம் இது. எண் கூடுதலாக வந்தால் வசம்பை நீக்கிய சேர்மானத்தைப் பாருங்கள். எண் வரும்வரை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மாத்திரையாகவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறது. ஒரே அரசு இரண்டு குரலில் பேசக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரின் கேள்விகளில் இதையும் சேர்க்க வேண்டும். 'நாட்டு மருந்து எதுவும் கொடுக்கறீங்களா?' என்று கேட்டால் 'இல்லீங்க' என்றுதான் பதில் வரும், ஏனென்றால் உரை மருந்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. 'தலைக்கு ஊத்துற அன்னைக்கு என்னென்ன உரசுறீங்க? எதுல குழைக்கிறீங்க? கல்லைக் காட்டுங்கம்மா' என்று கேட்க வேண்டும். திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை கல் பரணுக்குப் போகும், உரசல் நிற்காது. குழந்தை மருத்துவர்களுக்கும் இதே வேண்டுகோள்: வசம்பு கொடுத்ததைச் சொன்ன தாயிடம் கோபப்பட்டீர்களானால், அடுத்த தாய் சொல்லாமல் விடுவாள், நீங்கள் மந்தத்துக்குக் காரணம் தேடி இருட்டில் துழாவுவீர்கள். வேண்டாம் என்று சொல்லும்போதே மாற்றையும் சொல்லித் தாருங்கள்: பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, தொப்புளைச் சுற்றிக் கடிகாரத் திசையில் தடவுவது, கால்களை மடக்கி நீட்டுவது, உடலோடு அணைத்து நடப்பது.

அதிகம் கொடுத்துவிட்டார்கள் என்றால் செய்ய வேண்டியதையும் அதே செவிலியர் சொல்லட்டும். வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. உப்புத் தண்ணீர், மோர் எதுவும் புகட்டக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, விழித்துத் தானாக உறிஞ்சினால் மட்டும் தாய்ப்பால். மீதி வசம்பையும் மற்றச் சரக்குகளையும் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். அப்படி வரும் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் ஆயுஷ் மருந்துகளுக்கான பக்க விளைவுக் கண்காணிப்புக்குப் போக வேண்டும். அந்த அமைப்பின் இடைநிலை மையம் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலேயே இருக்கிறது. தூரம் ஒரு காரணமாக முடியாது.

கடைக்காரர்களே, உங்களுக்கு. வசம்பு கேட்டு வருகிறவரிடம் 'எதுக்கு?' என்று ஒரு சொல் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பயறுக்கா, தலைப் பேனுக்கா, பெரியவருக்குச் சித்த வைத்தியர் எழுதித் தந்ததா, குழந்தைக்கா? கர்ப்பிணிகளுக்கும், வலிப்பு மருந்தோ தூக்க மருந்தோ சாப்பிடுகிறவர்களுக்கும் வசம்பு ஆகாது. அதையும் சொல்லி அனுப்புங்கள். குழந்தைக்கு என்றால், ஒடித்து முகர்ந்து பார்த்து, வாசம் போகச் சுட்டதை வயிற்றின் மேல் பூசுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள். வளையலைக் கோத்து வைத்து விற்பதை மட்டுமாவது நிறுத்துங்கள். பத்து ரூபாய்ச் சரக்குக்கு இவ்வளவா என்று தோன்றலாம். அந்தப் பத்து ரூபாய்ப் பொட்டலத்தோடு போகும் ஒரே மருத்துவ ஆலோசனை உங்கள் வாயிலிருந்து வருவதுதான்.

துறை சீட்டு அச்சிடத் தாமதமானால் கடையிலேயே அச்சிட்டு ஒட்டிக்கொள்ள வாசகம் இது:

'வசம்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. குழந்தையின் கையில் கட்டக் கூடாது. தொப்புள் புண்ணிலும் கண்ணிலும் இடக் கூடாது. தேனிலோ எண்ணெயிலோ குழைத்துப் புகட்டக் கூடாது. பெரியவர்கள் சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் சொன்ன எடையில் மட்டும். கர்ப்பிணிகள் தவிர்க்கவும். உட்கொண்ட பின் வாந்தி, அளவு மீறிய தூக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 108.'

இப்படிக்கு,
சித்த மருத்துவர்கள், குழந்தை நல மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் சிலர்